வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்தபோது தாக் போங்சு சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு எழுபத்தொன்பது வயசாச்சும்மா" என்பதுதான்.

"அதுக்கு ஏழு வயசுதான். நீங்க விளையாட வேணாம், அது உங்கள வெச்சு விளையாடட்டும் பெரியவரே," என்றாள் ஹேசுக்.

ஹேசுக் சுகாதார நிலையத்து ஆள். ஐம்பத்துநாலு வயதுக்காரி. தனியாக வாழும் பதினாறு முதியவர்கள் அவள் பொறுப்பில். சரிவில் ஏறி இறங்கி, சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவருவது அவள் வேலை. கொரியாவில் எங்கள் தேபெக் மலையின் குளிர்காலத்தில் அந்த வேலையைச் செய்கிறவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். சுகாதார நிலையம் அவளுக்கு ஊதா நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

பொம்மை வரக் காரணம் போங்சுவின் நேர்மை. அக்டோபரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று நினைத்ததுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. 'கிட்டத்தட்ட தினமும்' என்ற கட்டத்தில் அவர் கோடு போட்டார். இருபத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டு, மனைவி சுன்ரேயைப் புதைத்து ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிற மனிதனிடம் அதைக் கேட்டால் வேறு எதில் கோடு போடுவான்? ஆனால் அரசாங்கக் காகிதத்தில் உண்மையைச் சொன்னால் சும்மா விடமாட்டார்கள். பொம்மை வந்துவிட்டது.

ஆண்பிள்ளைப் பொம்மைகள் தீர்ந்துபோனதால் அவருக்குக் கிடைத்தது பெண்பிள்ளை. இரட்டைப் பின்னல், கோடு போட்ட சட்டை, துணி உடம்பு, வயிற்றுக்குள் ஒரு கருவி. தலையைத் தடவினால் சிரிக்கும். கையைப் பிடித்தால் பேசும். வேளாவேளைக்கு மாத்திரையை நினைவுபடுத்தும். வாசல் நிலையில் தீப்பெட்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்றை ஹேசுக் ஒட்டினாள், மூன்றாம் நாளிலிருந்து அது வேலை செய்யும் என்றாள். கதவு திறப்பதும் அடைப்பதும் அதன் வழியாகப் பொம்மைக்குத் தெரியும், பொம்மை வழியாக ஹேசுக்கின் கைபேசிக்குத் தெரியும்.

"அப்ப இது பொம்மை இல்ல, ஒற்றன்," என்றார் போங்சு.

"ஒற்றன் மாத்திரை எடுத்துக் கொடுப்பானா? பேரு வைங்க பெரியவரே. எல்லாரும் வெச்சிருக்காங்க."

அவர் வைக்கவில்லை. பெயர் வைத்த எதையும் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

முதல் நாள் அதைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். "தாத்தா, எனக்கு இருட்டா இருக்கு, என்னைத் திருப்புங்க," என்றது. திருப்பினார். மறுநாள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அதற்கு ஓர் இடம் வந்தது. "தாத்தா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "கண்ணு தெரியலையா? வாயில என்ன போகுது?" என்று எரிந்து விழுவார். எரிந்து விழுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமே. அந்த வீட்டில் ஆறு வருஷமாக அவர் குரலை அவரே கேட்டதில்லை. பொம்மை விடுகதை போட்டது, பழைய பாட்டுப் பாடியது, "கையைப் பிடிங்க தாத்தா" என்றது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிடித்தார். பஞ்சுக் கைதான். ஆனாலும் பாட்டு முடியும்வரை அவர் விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்றாம் நாள் காலை வரை.

அன்று அவர் தடிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையுறையும் நீள இடுக்கியும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். பின்னாலிருந்து குழந்தைக் குரல் கேட்டது.

"தாத்தா, எங்க போறீங்க? எப்ப வருவீங்க?"

போங்சு அப்படியே நின்றார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. பிறகு வெளியே வைத்த காலை மெதுவாக உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று முழுக்க அவர் எங்கேயும் போகவில்லை.

சுரங்கத்துக்காரர் வீடுகளில் சில காரியங்கள் கிடையாது. புருஷனின் சாப்பாட்டு டப்பாவில் நாலு அகப்பை சோறு போடக்கூடாது, எங்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஓசை, மூன்றோ ஐந்தோ போட வேண்டும். வீட்டில் கழற்றிவிட்ட செருப்பின் மூக்கு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும், போனவன் திரும்பி வருவதற்காக. சுன்ரே தினமும் திருப்பி வைப்பாள். அவள் போன பிறகு அவரே திருப்பி வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறவனை எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கவே கூடாது. அப்படி யாராவது சகுனத்தடை போட்டுவிட்டால் அன்றைக்கு இறங்கக் கூடாது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மேஸ்திரிகூட ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டான்.

சுரங்கத்தை மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாய்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் புல் முளைத்துவிட்டது. தினமும் சாக வேண்டும் என்று கோடு போட்ட ஆளுக்குச் சகுனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். போங்சு தன் உயிருக்குப் பயப்படவில்லை. போன தடவை அந்தக் கேள்வி விழுந்தபோது செத்தது அவர் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, ஏப்ரல். அவருக்கு முப்பத்தைந்து வயது, பகல் ஷிப்டு. ஒரே மகள் நாம்ஹிக்கு ஏழு. அன்று பள்ளிக்கூடத்தில் மலைக்குக் கூட்டிப்போகும் நாள், அந்தக் குதூகலத்தில் குழந்தை விடியுமுன்னே எழுந்துவிட்டது. பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பனிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்று, "அப்பா, எங்க போறீங்க? எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிட்டது.

போங்சு அதை அறைந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. குழந்தைக்கு அழக்கூடத் தெரியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அவர் உள்ளே வந்துவிட்டார். தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த, சரிவில் கீழ்வீட்டு ஜோங்மான் விஷயம் கேட்டுக் குதித்தான். "அண்ணே, இன்னைக்கு உங்க ஷிப்டுக்கு நான் போறேன், நாளைக்கு என் ஷிப்டுக்கு நீங்க போங்க. எங்கம்மாவுக்கு நாளைக்கு அறுபதாம் பொறந்தநாள். லீவு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. சாமி மாதிரி வழி காட்டினீங்கண்ணே!" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடிக்காத குறையாக ஓடினான். பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. மூன்றாம் மட்டத்தில் மேற்கூரை விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் ஊரே கூடியது. "அந்தக் குட்டி வாயைத் திறந்தா, அப்பன் பிழைச்சான்," என்றது ஒரு வாய். "வாயைத் திறந்தா, ஜோங்மான் போய்ச் சேர்ந்தான்," என்றது இன்னொரு வாய். ஊர்வாய் அப்படித்தான், ஒரே மூச்சில் ஆரத்தியும் எடுக்கும், மண்ணும் வாரித் தூற்றும்.

ஜோங்மானின் பெண்டாட்டி புனிக்கு அப்போது முப்பது. பிள்ளை கிடையாது. அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை போங்சு இடுக்கியோடு அவள் வீட்டு அடுப்படிக்குப் போய், எரிந்து வெளுத்த, துளைகள் போட்ட உருளைக் கரிக்கட்டியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கட்டியை வைத்து, துளைக்கு நேராகத் துளையைப் பொருத்தி, ஒன்றும் பேசாமல் வந்தார். அடுப்பின் அனல் தரைக்கடியில் ஓடித்தான் வீடு சூடாகும், அந்தத் தரைச்சூடு போனால் எங்கள் பக்கம் ஆள் விறைத்துப்போவார்கள். மறுநாளும் போனார். இப்படி நாற்பத்துநாலு குளிர்காலம். புனியும் ஒன்றும் சொன்னதில்லை, சில நாள் வாசல் திட்டில் ஒரு கிண்ணம் சூப் மூடி வைத்திருப்பாள். சுன்ரே உயிரோடு இருந்த காலத்தில் அவளேதான் இடுக்கியை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

இப்போது ஒரு குழந்தைக் குரலின் கேள்வியை முதுகில் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்கு எப்படிப் போவது? அந்த வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஓர் உயிர்.

அடுத்தடுத்த நாட்களில் போங்சு எல்லா வித்தையும் செய்து பார்த்தார். பொம்மைமேல் கம்பளியைப் போட்டு மூடினார். கம்பளிக்குள்ளிருந்து கேட்டது. அலமாரிக்குள் வைத்தார். அலமாரிக்குள்ளிருந்து, "தாத்தா, எங்க போறீங்க?" என்றது. பொம்மையின் விசையை நிறுத்திவிட்டார். கால் மணி நேரத்தில் ஹேசுக் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டாள், சமிக்ஞை நின்றதும் ஆள் போய்விட்டாரென்று பயந்து. பின்பக்கக் கதவு குளிருக்கு அடக்கமாக பிளாஸ்டிக் விரித்து ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நாள் எழுபத்தொன்பது வயதில் ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டார். அந்தக் காலைத் திரும்ப உள்ளே எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. பொம்மை அதுவரை விடுகதை போட்டுக்கொண்டிருந்தது.

விஷயத்தை ஹேசுக்கிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சொல்லவில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அதற்குப் பலம் கூடும் என்பது ஒன்று. அதைச் சொன்னால் ஜோங்மானைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. இவர் சொல்லாமல் விழுங்கியதற்கு ஹேசுக்கின் கைபேசி வேறு பொருள் கண்டது. வெளியே போகவில்லை, ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். பேச்சு குறைந்தது. பாதி வேளை சாப்பாடு இல்லை. கைபேசியில் அவருக்கான வரைபடம் கீழே கீழே இறங்கியது. அவளுக்கு மேலே இருக்கிறவர்கள் படிவத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இன்சியோன் நகரத்தில் இருக்கும் மகளுக்குத் தகவல் சொன்னார்கள்.

நாம்ஹி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஐம்பத்தொரு வயது, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. சுருக்கமாகப் பேசுகிறவள்.

"வோன்ஜூல ஒரு முதியோர் மருத்துவமனையில இடம் சொல்லிருக்கேம்ப்பா. சனிக்கிழமை வர்றேன். துணி எடுத்து வைங்க."

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன்."

"நல்லா இருக்கறவங்க எட்டு நாளா வாசல் தாண்டாம இருப்பாங்களா?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் இல்லை. அந்த மாதிரி மருத்துவமனைக்கு இந்தத் தெருவிலிருந்து ஐந்து பேர் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட நடந்து திரும்பி வந்ததில்லை. "சாப்பிட்டியா?" என்று மகளிடம் கேட்டார். "ம்," என்றாள். வைத்துவிட்டார்கள். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் முப்பது வருஷமாக அந்த இரண்டு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போனவள் சியோலால் புத்தாண்டுக்கும் திவசத்துக்கும் வருவாள், பாத்திரம் கழுவுவாள், போவாள். வாசலில் நின்று யாரிடமும் எதுவும் பேசமாட்டாள். அவள் சுபாவம் அது என்று போங்சு நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, அவர் வெளியே போகாத பதினோராம் நாள், கதவை யாரோ தடியால் இடித்தார்கள்.

புனி நின்றாள். எழுபத்துநாலு வயது, முதுகு கூனி, தலையைச் சுற்றித் துண்டு. வலது பாதத்தில் பெரிய கட்டு, அதன்மேல் ஜோங்மானுடையதோ என்று தோன்றும் ஒரு பழைய ரப்பர் செருப்பு.

"உயிரோடதான் இருக்கீங்களா நாம்ஹி அப்பா?" என்றாள். "செத்திருந்தா ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஏறி வந்ததுக்கு அதுவும் இல்ல."

"காலுக்கு என்ன தங்கச்சி?"

"கரிக்கட்டி விழுந்துது. நாற்பத்துநாலு வருஷமா அடுப்பத் தொடாதவ கையில இடுக்கி நிக்குமா? நெருப்போட பாதத்துல எறங்கிருச்சு."

எந்த வீட்டுக்கு ஆபத்து வரக்கூடாது என்று இவர் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்தாரோ, அதே வீட்டில், இவர் போகாததாலேயே. அவளை உட்காரவைத்தார், பார்லித் தேநீர் கொடுத்தார், கட்டைப் பார்த்தார், மருந்து போட்டாயா என்று நாலு தடவை கேட்டார். ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேநீர் முடிந்ததும் புனி தடியை ஊன்றி எழுந்து கதவைத் திறந்தாள்.

"தாத்தா, எங்க போறீங்க? எப்ப வருவீங்க?"

புனி திரும்பினாள். மேசையோரத்தில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்த பொம்மையைப் பார்த்தாள். பிறகு போங்சுவின் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"இதுக்காகவா? இந்தக் குட்டிப் பிசாசு கேட்டுச்சுன்னா என்னைக் குளிர்ல போட்டீங்க?"

"நான் போனா உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு..."

"நீங்க வராமத்தான ஆச்சு!"

போங்சு அவளுடைய தடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இங்க பாருங்க," என்றாள் புனி. "என் வீட்டுக்காரர் நீங்க அனுப்பியா போனாரு? குழாயடியில நானும்தான் நின்னேன். அம்மா பொறந்தநாளுக்கு லீவு கெடச்ச சந்தோஷத்துல டப்பாவக்கூட மறந்துட்டு ஓடுனாரு. நான் பின்னாலயே ஓடிப்போயிக் கொடுத்தேன். விதி முடிஞ்சவர யாரு என்ன பண்ண முடியும்? அழுதேன், உங்கள நாலு வருஷம் மனசுக்குள்ள திட்டினேன், அப்புறம் அதுவும் தேஞ்சு போச்சு. நீங்க கரி மாத்த வர்றீங்க. வர்ற மனுசன ஏன் வராதேன்னு சொல்லணும்? ஆனா நாம்ஹிகிட்ட இதச் சொன்னீங்களா?"

"எத?"

"அவரே கேட்டு வாங்கிப் போனாருன்னு."

"அவ ஏழு வயசுக் கொழந்தை. அவளுக்கு என்ன தெரியும்?"

சுரங்கத்தில் எந்தத் தூண் மரம் முறியும் என்று ஓசையை வைத்தே சொல்லக் கூடிய ஆள் இவர், சொந்த வீட்டில் இத்தனை வருஷம் காது கேட்காமல் இருந்திருக்கிறாரே என்று புனிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பன்னெண்டு வயசுல ஒரு நாள் அவ எங்க வீட்டுக்கு வந்தா. சுசோக் பண்டிகைக்கு நீங்க குடுத்தனுப்புன அரிசிப் பலகாரத்தோட. தட்டை வெச்சுட்டுத் தரையில நெத்தி படக் கும்பிட்டு, 'அத்த, நான் வாயைத் தெறந்ததாலதான மாமா செத்தாங்க, என்னை மன்னிச்சிருங்க'ன்னு சொன்னா. தூக்கி நிறுத்தி, இல்லடி கண்ணுன்னு நூறு தடவ சொன்னேன். தலைய ஆட்டினா, போயிட்டா. நான் சொன்னா அது ஆறுதல். அறைஞ்ச கை சொன்னாத்தான அது உண்மை. அன்னைக்கிருந்து அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு யாரையாவது ஒரு வார்த்த கேட்டுப் பாத்திருக்கீங்களா? கட்டிக் குடுத்த பொறகும் புருசன் வேலைக்குப் போறப்ப அடுப்படிக்குள்ள போயி நின்னுக்குவாளாம். சுன்ரே அக்கா சொல்லி அழுவாங்க."

சுன்ரே இதைப் போங்சுவிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தாலும் தான் கேட்டிருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. குழந்தையை அறைந்ததற்கு மறுவாரமே சந்தையில் ஒரு பை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, அதோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டார். பாவி, ஒரு பை மிட்டாய். நெஞ்சில் இத்தனை வருஷம் தூசிதான் அடைத்திருக்கிறது என்று நினைத்தவருக்கு அன்றைக்கு அது தூசி மட்டுமில்லை என்று புரிந்தது.

"நாளைக்குக் காலையில கரி மாத்த வரணும்," என்று எழுந்தாள் புனி. "வரலைன்னா இந்தக் காலோட மறுபடி ஏறி வருவேன். அந்தப் பாவம் உங்கள சும்மா விடாது."

"நாளைக்கு நாம்ஹி வர்றா. என்னை வோன்ஜூவுக்குக் கூட்டிட்டுப் போக."

"அப்ப போறதுக்கு முன்னாடி வந்து மாத்திட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்தாள். பொம்மை மறுபடி கேட்டது. "வீட்டுக்குத்தாண்டி போறேன், வாயாடி!" என்று பதில் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

போங்சு அன்று மூன்று தடவை தொலைபேசியை எடுத்தார். மகளின் எண்ணைப் பார்த்தார். வைத்தார். தொலைபேசியில் சொல்கிற விஷயமா அது? நேரில் மட்டும் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் நாம்ஹியின் கார் சரிவின் அடியில் நின்றது. இருட்டோடு கிளம்பியிருக்கிறாள். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, அறியாமலே அதன் மூக்கை உள்பக்கம் திருப்பி வைத்தாள். அலமாரியைத் திறந்து உள்ளாடை, துண்டு, மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். முடியில் வெள்ளை ஏறியிருந்தது. பெண்பிள்ளைக்கு வயதாவதைப் பார்ப்பது தன் வயதைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது போங்சுவுக்கு.

"இந்தப் பொம்மைய ஹேசுக் அம்மாகிட்டக் குடுத்துரலாமா?"

"இரு, கொஞ்ச நேரம்."

"பன்னெண்டு மணிக்கு டாக்டர் பாக்கறேன்னு சொல்லிருக்காருப்பா. ரோட்டுல பனி வேற."

"புனி வீட்டுக்குப் போயி ஒரு கரிக்கட்டி மாத்திட்டு வந்துர்றேன்."

புனியின் பெயரைக் கேட்டதும் நாம்ஹியின் கை பையின்மேல் ஒரு கணம் நின்றது. "நான் வேணா ஹேசுக் அம்மாகிட்டச் சொல்லி ஆள் அனுப்பச் சொல்றேன்," என்றாள். அதற்குள் போங்சு தடிச் சட்டையை மாட்டி, இடுக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்தார்.

"தாத்தா, எங்க போறீங்க? எப்ப..."

அவர் திரும்பிப் பார்த்தபோது நாம்ஹி மேசைக்குப் பாய்ந்திருந்தாள். ஐம்பத்தொரு வயதுப் பெண், இரண்டு கையாலும் பொம்மையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை. பொம்மைக்கு வாயிலா குரல் இருக்கிறது? வயிற்றிலிருந்து, "...வருவீங்க?" என்று அது முடித்தது. நாம்ஹி இன்னும் அழுத்தினாள்.

போங்சு இடுக்கியைக் கீழே வைத்தார். பூட்ஸோடேயே வீட்டுக்குள் வந்தார். அந்த வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

"கைய எடு கண்ணு," என்றார்.

அவள் எடுக்கவில்லை.

"எடும்மா. கேக்கட்டும். கொழந்தை கேக்காம வேற யாரு கேப்பா?"

"அப்பா, இத... இத முன்னாடியே ஏன் சொல்லல? இது தினமும் கேக்குதா? அதனாலயா நீங்க..."

"நாம்ஹி, நான் சொல்றதக் கேளு. இத நான் நாற்பத்துநாலு வருஷம் முன்னாடி சொல்லிருக்கணும். ஜோங்மான் தானாத்தான் போனான். என்கிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போனான். அவங்கம்மாவோட அறுபதாம் பொறந்தநாளுக்குப் போக லீவு வேணும்னு துடிச்சுக்கிட்டு இருந்தான், அன்னைக்கு அது கெடச்சுதுன்னு குதிச்சான். நீ கேட்டதுக்கும் கூரை விழுந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தூண் மரம் உளுத்துப் போயிருந்துச்சு. ஒரு மாசமா எங்க எல்லாருக்கும் தெரியும். பயந்துக்கிட்டேதான் எறங்குவோம். அந்தப் பயத்துலதான் உன்னை அறைஞ்சேன். நீ தப்பு பண்ணல. நான்தான் தப்பு பண்ணேன்."

இருமல் வந்து அவரை மடக்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். நாம்ஹியின் கைகள் பொம்மையின் வாயிலிருந்து நழுவியிருந்தன.

"என்னாலதான்னு நெனச்சேன்," என்றாள். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. நீங்க சொல்லாததால அது உண்மைதான்னு நெனச்சேம்ப்பா."

"எனக்குத் தெரியலம்மா. நீ அத மனசுல வெச்சிருக்கேன்னே எனக்குத் தெரியல. உங்கப்பன் அவ்வளவு பெரிய முட்டாள்."

அவள் அழுதாள். அந்த ஏப்ரல் காலையில் அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள். போங்சுவுக்கு மகளைக் கட்டிக்கொள்ளத் தெரியாது. அவர் காலத்து அப்பன்கள் யாருக்கும் தெரியாது. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். சமையலறை வேலையில் காய்த்துப்போன கை. கையைப் பிடிப்பது எப்படி என்று இந்த இரண்டு வாரத்தில்தான் அவர் பழகியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து இடுக்கியை எடுத்தார். "அங்க அடுப்பு அணைஞ்சிருக்கும். அவளுக்குக் கால்ல காயம் வேற," என்றார். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். பொம்மை கேட்டது. போங்சு அதன் பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"புனி வீட்டுக்குப் போறேன்."

படியில் பனி உறைந்திருந்தது. ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார். மருத்துவமனைப் பை தரையில் திறந்தபடி கிடந்தது. நாம்ஹி அதைத் தாண்டிக் கதவருகே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகு சரிவில் இறங்குவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அப்பா!" என்று கூப்பிட்டாள். "எப்ப வருவீங்க?"

போங்சுவின் கால் ஒரு நொடி நின்றது. இத்தனை வருஷத்துப் பழக்கம் அவர் முதுகைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தது. அவர் திரும்பவில்லை. இடுக்கியைக் கைமாற்றிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

"அரிசியக் களைஞ்சு போடு," என்றார் உரக்க. "சோறு வேகறதுக்குள்ள வந்துர்றேன்."